ஹார்ட் டிஸ்க் ஹெட்டுல இருக்கற காந்த சென்சார்: நம்மூர் கோட்டிங் மெஷின்ல ஆகுமா?

கணபதி_கோட்டிங் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கமுங்க. நம்முளுது கணபதிப் பக்கம் கோட்டிங் ஜாப் ஒர்க். ட்ரில், எண்டு மில், ஹாப், பஞ்ச் இதுக்கெல்லாம் டைட்டானியம் நைட்ரைடும், அலுமினியம் கலந்ததும் போட்டுக் குடுக்கறோம். ஆர்க் மெஷின். 2 மைக்ரான்ல இருந்து 4 மைக்ரான் வரைக்கும் ஏத்துவோம்.

பையன் பழைய கம்ப்யூட்டர்ல இருந்து ஹார்ட் டிஸ்க்கப் பிரிச்சுப் போட்டிருந்தான். அந்தக் கை நுனியில ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்புச் சில்லு ஒண்ணு ஒட்டியிருக்குது. தேடிப் படிச்சா, அந்தச் சில்லுதான் ஹெட்டாம், அதோட ஒரு ஓரத்துலதான் படிக்கற சென்சாரும் எழுதற காயிலும் இருக்குதாம். சென்சாரு பூராம் வேக்குவத்துல டார்கெட்ட (படிய வெக்கோணும்ங்கற பொருளோட பலகை) அடிச்சுப் படிய வெச்ச படலமாம். வேக்குவம், ஆர்கான், டார்கெட் எல்லாம் என்றகிட்டயும் இருக்குதுங்க. அப்பறம் ஏனுங்க இது அமெரிக்கா, வட அயர்லாந்துன்னு வெளிநாட்டுலயே ஆகுது? பம்ப்பு, மோட்டாரு, கிரைண்டரு, மில்லு மெஷினு அத்தனையும் பண்ற ஊருல ஏன் ஆகாது? கேலி பண்ணாம சொல்லுங்க.

ஈரோட்டு_மஞ்சக்காடு | ஞாயிறு, இரவு 10:05

கேலியெல்லாம் இல்லீங்ணா. ஆனா எல்லாரும் எஸ்.எஸ்.டி-க்கு மாறிட்டாங்களே? போற தொழிலுக்கு எதுக்குங்க மெஷின் போடோணும்?

காந்திபுரம்_டேட்டா | ஞாயிறு, இரவு 10:31

லேப்டாப்புல போயிருச்சு, ஒத்துக்கறேன். டேட்டா சென்டர்லயும், ஊரெல்லாம் மாட்டி வெச்சிருக்கற கேமராவுக்குப் பின்னால ஓடற டி.வி.ஆர்-லயும் இன்னும் சுத்தற தட்டுதான். ஒரு டெராபைட்டுக்கு என்ன வெலைன்னு கணக்குப் போட்டா எஸ்.எஸ்.டி கிட்ட வர முடியாது. லேசர்ல சூடு பண்ணி எழுதற 30 டெராபைட் டிரைவு சீகேட் 2024-லயே கொண்டாந்துட்டாங்க. டிரைவு பண்றது உலகத்துலயே மூணு கம்பெனிதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மொத ரெண்டு பேரும் ஹெட்ட அவிங்களே பண்ணிக்கறாங்க. தோஷிபாவுக்கு டி.டி.கே பண்ணித் தருது. அந்த வட்டத்துக்குள்ள நொழையறதுதான் பெரிய கேள்வி, தொழில் போச்சுங்கறது இல்ல.

பீளமேடு_இயற்பியல் | திங்கள், காலை 6:15

பாடம் எடுத்துப் பழகுன வாய், கொஞ்சம் நீளும். பொறுத்துக்குங்க.

முன்னெல்லாம் எழுதறதுக்கும் படிக்கறதுக்கும் ஒரே காயில்தான். தட்டு சுத்தச் சுத்த காந்தப்புலம் மாறும், அந்த மாற்றத்தோட வேகத்துக்குத் தக்கபடி காயில்ல மின்னழுத்தம் வரும். தட்டச் சின்னதாக்குனா விளிம்பு வேகம் கொறஞ்சு சிக்னலும் சுருங்கிரும். 1990-களோட தொடக்கத்துல ஐ.பி.எம் வேற வழியப் புடிச்சது. நிக்கல்-இரும்புப் படலத்தோட மின்தடை, அதோட காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கறதப் பொறுத்து மாறும். இரும்புலயும் நிக்கல்லயும் இப்படி ஒரு மாற்றம் இருக்குன்னு வில்லியம் தாம்சன் (பின்னாள்ல கெல்வின் பிரபு) 1857-லயே பாத்துட்டார். நூத்துக்கு ரெண்டு பங்குதான் மாறும். ஆனா தட்டு மெதுவாச் சுத்துனாலும் சிக்னல் கொறையாது. அதுதான் அதோட பலம்.

1988-ல பிரான்ஸ்ல ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும், ஜெர்மனியில யூலிஷ் ஆய்வுக்கூடத்துல பீட்டர் க்ரூன்பெர்க் குழுவும் இரும்பையும் குரோமியத்தையும் நானோமீட்டர் கணக்குல மாத்தி மாத்தி அடுக்கிப் பாத்தாங்க. ஃபெர்ட்டோட அடுக்குல, திரவ ஹீலியத்துல குளிரவெச்சப்ப, காந்தப்புலம் குடுத்ததும் தடை பாதியளவுக்கு விழுந்துருச்சு. ரெண்டு பேருக்கும் 2007-ல நோபல் கெடச்சது. ஆனா கணபதி அண்ணன் கேள்விக்குக் கிட்டத்துல வர்ற ஆளு இவங்க இல்ல, ஐ.பி.எம் ஆல்மடன் ஆய்வகத்துல இருந்த ஸ்டூவர்ட் பார்க்கின். ஒவ்வொரு அணுவாப் பாத்துப் பாத்து வளக்கற வெல ஒசந்த மெஷினே வேண்டாம், தொழிற்சாலைக்கு ஏத்த ஸ்பட்டரிங்ல (ஆர்கான் அயனியால டார்கெட்ட அடிச்சுப் படிய வெக்கறது) அடிச்சே இந்த மாதிரி அடுக்க உண்டாக்கலாம்னு காட்டுனவர் அவர். 1997-ல அந்த வகை ஹெட்டோட 16.8 ஜி.பி. டிரைவு கடைக்கு வந்துருச்சு. ஆய்வுக்கூடத்துல பாத்ததுக்கும் கடையில வித்ததுக்கும் நடுவுல ஒம்பது வருசந்தான்.

இப்ப ஓடறது அதுக்கும் அடுத்தது. ரெண்டு காந்தப் படலம், நடுவுல மின்சாரமே கடத்தாத ஒரு நானோமீட்டர் தடுப்பு. எலக்ட்ரான் அந்தத் தடுப்ப ஊடுருவிப் போகும், இதத்தான் டனலிங்னு சொல்றது. ரெண்டு காந்தமும் ஒரே பக்கம் பாத்தா சுலபமாப் போகும், எதிரெதிராப் பாத்தா கஷ்டப்படும். 1995-ல எம்.ஐ.டி-யில ஜகதீஷ் மூடேரா குழுவும் ஜப்பான் டொஹோக்குவுல மியாசாகி குழுவும் அலுமினியம் ஆக்சைடுத் தடுப்ப வெச்சு இத அறை வெப்பத்துலயே காட்டுனாங்க. 2004-ல பார்க்கினும் ஜப்பானோட யுவாசாவும் தடுப்ப மக்னீசியம் ஆக்சைடுக்கு மாத்துன ஒடனே தடையோட மாற்றம் 200 சதவீதத்த ஒட்டி ஏறிருச்சு.

கணபதி_கோட்டிங் | திங்கள், காலை 7:50

மேடம், ரொம்ப நன்றிங்க. ரெண்டு காந்தமும் ஒட்டுக்கா வெளிப்புலத்துக்குத் திரும்பிராதுங்களா? அப்பறம் எப்படி ஒண்ணு இக்கட்டயும் ஒண்ணு அக்கட்டயும் நிக்கும்?

பீளமேடு_இயற்பியல் | திங்கள், காலை 8:10

ஒண்ணக் கட்டுத்தறியில கட்டிருவோம், ஒண்ண அவுத்து விட்டிருவோம். கட்டுத்தறி, இரிடியம்-மாங்கனீசுப் படலம். அதுக்கு வெளிய காட்டற காந்தம் கெடையாது, ஆனா தன்னத் தொட்டுக்கிட்டிருக்கற கோபால்ட்-இரும்ப ஒரே தெசையில இறுக்கிப் புடிச்சிக்கும். அதுக்கு மேல சுமார் 0.8 நானோமீட்டர் ருத்தீனியம், மறுபடி ஒரு காந்தப் படலம். அந்தத் தடிமன்ல ருத்தீனியம் ரெண்டு காந்தத்தையும் எதிரெதிரா நிக்க வெக்கறதால, வெளியில கசியற புலம் ஒண்ண ஒண்ணு தின்னுரும். அப்பறம் மக்னீசியம் ஆக்சைடு. அதுக்கு மேல அவுத்து விட்ட படலம். தட்டுல இருக்கற பிட்டோட புலத்துக்கு அது மட்டுந்தான் ஆடும். அதுவும் கண்டபடி ஆடாம, ரெண்டு பக்கவாட்டுலயும் சின்னக் காந்தம் வெச்சு குறுக்கால நிக்க வெச்சிருப்பாங்க. பிட்டு மேல தள்ளுனா ஒரு பக்கம் சாயும், கீழ தள்ளுனா மறுபக்கம். தடை நேர்கோட்டுல ஏறி எறங்கும்.

நொய்யல்_ஓரம் | திங்கள், இரவு 8:20

கணபதி அண்ணனுக்கு: நான் தாய்லாந்துல ஸ்லைடர் (ஹெட்டு இருக்கற அந்தச் சில்லு) பிளாண்ட்ல ப்ராசஸ் பக்கம் இருந்துட்டு ஊருக்குத் திரும்புனவன். கம்பெனி பேரு வேண்டாம். உங்க கேள்வி நியாயமானது, அதனால சுத்தி வளைக்காம சொல்லிர்றேன். படலம் படிய வெக்கறது இதுல பாதிகூட இல்லீங்ணா. அந்தப் பாதிக்கே உங்க மெஷின் ஆகாது. மீதி, படிய வெச்சதுக்கு அப்பறம் அறுத்துத் தேய்க்கறதுல இருக்குது.

மொதல்ல வேக்குவம். உங்க சேம்பரு சுத்தமா எறங்குனா பத்தின் மைனஸ் அஞ்சு மில்லிபாரு வருமா? பத்தின் மைனஸ் ஆறு டார்ல (டாரும் மில்லிபாரு மாதிரி அழுத்தத்த அளக்கறதுதான்) நின்னாலே, மிச்சம் இருக்கற காத்தும் நீராவியும் ஒரு செகண்டுக்கு ஒரு அணு அடுக்குக்கு வேண்டிய அளவு மேற்பரப்புல வந்து மோதும். நாம படிய வெக்கற தடுப்பே அஞ்சாறு அணு அடுக்குதான். அதனால மைனஸ் எட்டு, மைனஸ் ஒம்பது டாருக்கு எறக்கித்தான் தொடங்குவாங்க. நீராவி மட்டும் கொஞ்சம் இருந்தாலும் மக்னீசியம் ஆக்சைடு கெட்டுரும்னு, மொதல்ல டாண்டலத்த சுவத்துல அடிச்சு அது நீராவியக் குடிச்சதுக்கு அப்பறமாத்தான் தடுப்பையே தொடுவாங்க.

ரெண்டாவது ஆர்க். ஆர்க்குல டார்கெட்டு உருகித் துளியாத் தெறிக்கும், உங்களுக்கே தெரியும். ட்ரில்லு மேல ஒரு மைக்ரான் துளி விழுந்தா ஒண்ணும் ஆகாது, தொழிலுக்கு நட்டமில்ல. ஒரு மைக்ரான்னா ஆயிரம் நானோமீட்டரு. இங்க தடுப்பு ஒரு நானோமீட்டரு. கணக்கு உங்களுக்கே வெளங்கும். அதனால ஆர்க் கெடையாது, மேக்னட்ரான் ஸ்பட்டரிங் மட்டும். உலோகத்துக்கு டி.சி, மக்னீசியம் ஆக்சைடுக்கு ஆர்.எஃப். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி டார்கெட்டு, வேஃபர (படலத்தப் படிய வெக்கற வட்டத் தகடு) ரோபோ கைதான் ஒரு சேம்பர்ல இருந்து இன்னொண்ணுக்கு வேக்குவம் ஒடையாம மாத்தும். பத்துக்கு மேல படலம், ஒண்ணு படிஞ்சு அடுத்தது படியற வரைக்கும் காத்தே படக்கூடாது.

மூணாவது தடிமன். தடுப்பு 0.1 நானோமீட்டர் எச்சாப் போனா தடை ஏறக்குறைய ரெண்டு மடங்காயிரும். 0.1 நானோமீட்டருங்கறது ஒரு அணு அடுக்குல பாதிதான். இத 8 இஞ்சு வேஃபர் முழுக்க ஒரே மாதிரி வெக்கோணும்.

கணபதி_கோட்டிங் | திங்கள், இரவு 8:44

பாதி அணுவுங்களா! நாங்க ஒரு பேட்ச்சுக்குள்ளயே கால் மைக்ரான் ஏறுனா எறங்குனா பாஸ் பண்ணிருவோம்.

சேலத்து_வெள்ளக்கல் | திங்கள், இரவு 9:02

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணும். மக்னீசியம் ஆக்சைடுன்னதும் காது நிமிந்துருச்சு. எங்கூரு மலையே அதுதானுங்களே? மேக்னசைட் ஜங்ஷன்னு ரயில்வே ஸ்டேஷனே இருக்குது. வெள்ளக்கல்லச் சூளையில சுட்டா மக்னீசியம் ஆக்சைடு. இரும்பு உலைக்குச் செங்கல் பண்ண லோடு லோடாப் போகுது. இந்த ஹெட்டுக்கு ஏன் போகக்கூடாது?

பீளமேடு_இயற்பியல் | திங்கள், இரவு 9:25

பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்துட்டே சொல்றேன். 8 இஞ்சு வேஃபரோட பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். அதுல ஒரு நானோமீட்டர் தடிமன்ல மக்னீசியம் ஆக்சைடு போட்டா, எடை ஒரு மில்லிகிராம்ல பத்துல ஒரு பங்கு. டார்கெட்டுல இருந்து கெளம்பறது பூராம் வேஃபர்லயே விழுந்துதுன்னா, ஒரு கிராம் வெச்சு எட்டாயிரத்துக்கு மேல வேஃபர் போடலாம். நெசத்துல பெரும்பகுதி சுவத்துலயும் ஷட்டர்லயும் போயிரும், இருந்தாலும் கிராம்லதான் நிக்கும். ஒவ்வொரு வேஃபர்லயும் பல பத்தாயிரம் ஹெட். அதனால இந்தத் தொழிலுக்கு மலையெல்லாம் வேண்டாம். வேண்டியது சுத்தம். உலைச் செங்கல்லுக்குச் சிலிக்காவும் சுண்ணாம்பும் இரும்பும் கொஞ்சம் இருந்தாப் பரவாயில்ல. டார்கெட்டுக்கு 99.99-ம் அதுக்கு மேலயும் கேப்பாங்க. அந்த அளவுக்குச் சுத்தம் பண்ற செலவு வந்துட்டா, கல்லு சேலத்துல இருந்து வந்துதா சீனாவுல இருந்து வந்துதாங்கறது வெலையில தெரியவே தெரியாது.

சேலத்து_வெள்ளக்கல் | திங்கள், இரவு 9:31

ஒரு கிராமா. சரி, நான் செங்கல்லுக்கே போறேனுங்க.

நொய்யல்_ஓரம் | செவ்வாய், காலை 7:05

விட்ட எடத்துல இருந்து.

படிய வெச்சு முடிச்ச வேஃபர காந்தப்புலத்துக்குள்ள வெச்சு 250-ல இருந்து 300 டிகிரி வரைக்கும் மணிக்கணக்குல சுடுவாங்க. இதுல ரெண்டு சோலி ஒட்டுக்கா நடக்குது. ஒண்ணு, மேடம் சொன்ன கட்டுத்தறிப் படலம் எந்தத் தெசையில புடிக்கோணும்ங்கறது அப்பத்தான் பதியும். இன்னொண்ணு எனக்கு இன்னும் அதிசயமா இருக்கறது. தடுப்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கற கோபால்ட்-இரும்பு-போரான், படியும்போது ஒழுங்கில்லாம கண்ணாடி கணக்காத்தான் படியும். ஒழுங்கில்லாததாலயே வழவழன்னு இருக்கும், அதுக்கு மேல மக்னீசியம் ஆக்சைடு அழகாப் படிகமாயிக்கும். சுடும்போது போரான் நழுவிப் போயி பக்கத்து டாண்டலத்துல உக்காந்துக்கும். போரான் போனதும் கோபால்ட்-இரும்பு, மக்னீசியம் ஆக்சைடோட படிகத்தப் பாத்து அதே ஒழுங்குல தானும் படிகமாகும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி நிக்கறதுனாலதான் அந்த 200 சதவீதம். படிகம் பொருந்தாட்டி, எத்தன சுத்தமா அடிச்சாலும் அது வராது.

அடுத்து செதுக்கறது. ஃபோட்டோ ரெசிஸ்ட்ல உருவம் எடுத்து, ஆர்கான் அயனிய வெச்சு வேண்டாததச் சீவி எறியோணும். இங்க ஒரு வம்பு உண்டு. சீவுன உலோகத் துகள் போயி சென்சாரோட பக்கவாட்டுச் சுவத்துலயே ஒட்டிக்கும். தடுப்பு ஒரு நானோமீட்டர்தான, அந்தத் துகள் ரெண்டு பக்கத்தையும் சேத்து ஷார்ட் பண்ணிரும். அதனால மொதல்ல நேராச் சீவிட்டு, அப்பறம் வேஃபரச் சாய்ச்சு வெச்சு பக்கவாட்டச் சொரண்டுவாங்க. எச்சாச் சொரண்டுனா ஓரம் பாழ், கம்மியாச் சொரண்டுனா ஷார்ட். எப்ப நிறுத்தோணும்னு, பறந்து வர்ற அயனி எந்த உலோகம்னு பாத்துக்கிட்டே முடிவு பண்ணுவாங்க.

அகலம் எத்தனைன்னு கேக்கறீங்களா? ஒரு சதுர அங்குலத்துல ஒரு டெராபிட்டுன்னா ஒரு பிட்டுக்கு சுமார் 645 சதுர நானோமீட்டர் எடம். தடத்தோட அகலம் 50 நானோமீட்டர்னு வெச்சா, நீளம் 13. சென்சாரும் அந்த அளவுக்குள்ள நிக்கோணும். பக்கத்துப் பிட்டோட புலம் வந்து கலங்காம இருக்க, மேல கீழ ரெண்டு பக்கமும் நிக்கல்-இரும்புக் கவசம் உண்டு. ரெண்டு கவசத்துக்கும் நடுவுல 20, 25 நானோமீட்டருக்குள்ள மேடம் சொன்ன அத்தனை படலமும் அடங்கோணும்.

குறிச்சி_சீல் | செவ்வாய், காலை 7:40

தம்பி, தேய்க்கறதப் பத்திச் சொல்றேன்னீங்களே? நாங்க பம்ப்பு மெக்கானிக்கல் சீலுக்கு முகம் லேப்பிங் (தேய்ச்சுச் சமதளமாக்கறது) பண்றவங்க. கார்பன், சிலிக்கான் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு. ஆப்டிகல் ஃபிளாட்ட (சமதளக் கண்ணாடி) மேல வெச்சு, லைட்டுல தெரியற கோட்ட, அதாவது லைட் பேண்ட எண்ணி ரெண்டு பேண்டுக்குள்ள எடுக்கறோம். எங்களுக்கு எதாச்சு சோலி உண்டுங்களா இதுல?

நொய்யல்_ஓரம் | செவ்வாய், மதியம் 1:15

ஐயா, இந்த இழையிலயே இதுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கற ஆளு நீங்கதானுங்க.

வேஃபரு சிலிக்கான் இல்ல. அலுமினியம் ஆக்சைடும் டைட்டானியம் கார்பைடும் கலந்து சுட்ட பீங்கான். சென்சாரும் காயிலும் அதோட மேற்பரப்புல இருக்குது. ஆனா தட்டப் பாக்கற முகம் அந்த மேற்பரப்பு இல்ல, அறுத்த வெட்டு முகம். அதாவது வேஃபர வைரச் சக்கரத்துல நீள நீளமாப் பட்டையா அறுத்து, பட்டையோட அறுபட்ட பக்கத்தத் தேய்ச்சுத் தேய்ச்சு, சென்சாரோட உயரம் சரியா வந்ததும் நிறுத்தோணும். வேஃபரோட தடிமன்தான் கடைசியில ஸ்லைடரோட நீளம். இப்ப வர்ற ஸ்லைடரு 0.85 மில்லிமீட்டர் நீளம், 0.7 அகலம், 0.23 உயரம்.

சென்சாரு உயரம் எத்தன தெரியுங்களா? ஒரு 30 நானோமீட்டர்னு வெச்சுக்குங்க. உங்க ஹீலியம் லைட்டுல ஒரு பேண்டு 0.29 மைக்ரான், அதாவது 290 நானோமீட்டரு. ஒரு பேண்டுக்குள்ள பத்து சென்சார் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும். அதனால லைட்டு வெச்சு அளக்கறதுக்கே வழியில்ல. என்ன பண்றாங்கன்னா, சென்சாருக்குப் பக்கத்துலயே சின்ன மின்தடை ஒண்ணையும் வேஃபர்லயே போட்டு வெச்சிருப்பாங்க. சென்சாரு தேயும்போது அதுவும் தேயும், தேயத் தேய தடை ஏறும். லேப்பிங் மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே அந்தத் தடைய அளந்துக்கிட்டே இருக்கும். வேஃபர்ல இருந்து அறுத்த பட்டை நீளமா, மெல்லிசா இருக்கறதால வளைஞ்சிருக்கும். நடுவுல ஒரு மாதிரியும் ஓரத்துல ஒரு மாதிரியும் தேயும். அதனால பட்டைக்குப் பின்னால வரிசையா அழுத்தற விரல் வெச்சிருப்பாங்க. எங்க தடை பின்தங்குதோ அங்க மட்டும் கொஞ்சம் எச்சா அழுத்தும்.

கடைசித் தேய்ப்பு தகரத் தட்டுல. தட்டுக்குள்ள நுண் வைரத்தப் பதிய வெச்சு, ரொம்ப மெதுவா. ஏன்னா பீங்கானு கல்லு மாதிரி, நிக்கல்-இரும்பு மிருது. ரெண்டையும் ஒரே முகத்துல தேய்க்கறோம். அழுத்திட்டா மிருதுவானது உள்ள குழிஞ்சிரும், இல்லைன்னா உலோகம் இழுபட்டு அந்த ஒரு நானோமீட்டர் தடுப்பு மேல பூசிக்கும். பூசுனா ஷார்ட். வேஃபர்ல அத்தன நுணுக்கமாப் பண்ணது பூராம் இங்கதான் போகும். நான் வேல பாத்த எடத்துல வேஃபர் நல்லா வந்துட்டா எல்லாரும் சாதாரணமாத்தான் இருப்பாங்க. லேப்பிங்ல ஈல்டு (நல்லா வர்ற சரக்கோட பங்கு) எறங்குச்சுன்னா மேனேஜரு ராத்திரி ஷிப்டுக்கே வந்து நின்னுக்குவாரு.

குறிச்சி_சீல் | செவ்வாய், மதியம் 1:50

கார்பனும் கார்பைடும் ஒரே ஹோல்டர்ல வெச்சுத் தேய்ச்சா என்ன ஆகும்னு எங்களுக்கும் தெரியும். தகரத் தட்டுல வைரத்தப் பதிக்கறது எப்படி? நாங்க பேஸ்ட்டு பூசித்தான் ஓட்டறோம்.

நொய்யல்_ஓரம் | செவ்வாய், மதியம் 2:20

பேஸ்ட்டுன்னா வைரம் உருளும், உருண்டா குழி போடும். தட்ட மொதல்ல வைரக் குழம்போட கல்லு வளையத்த வெச்சு அழுத்தி ஓட்டி, வைரம் தகரத்துக்குள்ள பாதி மூழ்கினதும் மிச்சத்தத் தொடச்சு எடுத்துருவாங்க. அப்பறம் வைரம் உருளாது, சீவும். உங்க சிலிக்கான் கார்பைடு முகத்துக்கே பண்ணிப் பாக்கலாம், பளபளப்பு வேற மாதிரி வரும்.

காந்திபுரம்_டேட்டா | செவ்வாய், மாலை 6:30

தேய்ச்சு முடிச்ச ஹெட்டு என்ன பாடு படுதுன்னு நான் சொல்றேன். 7200 சுத்து தட்டுல, வெளி ஓரத்துல வேகம் மணிக்கு 125 கிலோமீட்டர் வரும். அந்த வேகத்துல ஹெட்டு தட்டுக்கு மேல மெதக்குது. படிக்கும்போது உள்ள இருக்கற சின்ன ஹீட்டரு முனைய வீங்க வெச்சு ஒண்ணு ரெண்டு நானோமீட்டருக்கு எறக்கும். முகத்துல வைரம் மாதிரிக் கடினமான கார்பன் பூச்சு இருக்குது, அதுவும் ரெண்டு நானோமீட்டரை ஒட்டித்தான். டிரைவு செத்துருச்சுன்னு வீட்டுலயே மூடியக் கழட்டிப் பாத்துட்டு எங்ககிட்ட கொண்டாறவங்களுக்கு இதத்தான் சொல்றது. ஒரு தூசி போதும்.

இன்னொண்ணு, ஸ்டாட்டிக். நம்ம ஒடம்புல 3000 வோல்ட்டு ஏறுனாத்தான் சுருக்குன்னு நமக்கே தெரியும். இந்த சென்சாருக்குச் சில வோல்ட்டே போதும், தடுப்பு ஓட்டையாயிரும். மார்ச்சு மாசத்துக் காஞ்ச காத்துல பாலியஸ்டர் சட்டையப் போட்டுக்கிட்டு ஹெட்டு மாத்த உக்காந்தா சோலி முடிஞ்சுது. கையில எர்த் பட்டை, மேசையில அயனைசரு இல்லாம நான் தொடறதே இல்ல.

ஈரோட்டு_மஞ்சக்காடு | செவ்வாய், மாலை 6:52

இத்தன சொல்லிட்டு முடிவு என்னங்க, ஆகாதுன்னுதான?

நொய்யல்_ஓரம் | செவ்வாய், இரவு 9:10

ஹார்ட் டிஸ்க் ஹெட்டு ஆகாது. சீகேட்டோட வேஃபர் மின்னசோட்டாவுலயும் வட அயர்லாந்து டெரியிலயும், வெஸ்டர்ன் டிஜிட்டலோடது கலிபோர்னியா ஃப்ரீமாண்ட்லயும் ஆகுது. அறுக்கறதும் தேய்க்கறதும் அசெம்பிளியும் தாய்லாந்து, மலேசியாப் பக்கம். 2011-ல தாய்லாந்துல வெள்ளம் வந்தப்ப உலகம் முழுக்க டிரைவு வெல ஏறுச்சே, காரணம் அதுதான். வாங்கறவன் மூணே பேரு, அதுல ரெண்டு பேரு தானே பண்ணிக்கறான். பணம் இருந்தாலும் சரக்க யாருகிட்ட விக்கறது?

ஆனா அதே படலம் வேற எடத்துல ஓடுது. மோட்டாரு தண்டு எந்தக் கோணத்துல நிக்குது, கேபிள்ல எத்தன ஆம்பியர் போகுதுன்னு பாக்கற சென்சாருங்க. டி.டி.கே, இன்ஃபினியான், அலெக்ரோ எல்லாரும் இந்த டனலிங் வகையில சிப்பு விக்கறாங்க. அதுல சென்சாரு மைக்ரான் கணக்குல இருக்கலாம். தடை எச்சா இருந்தாலும் பரவாயில்ல, அதனால தடுப்பக் கொஞ்சம் தடிமனா விடலாம். முக்கியமா, அறுத்துத் தேய்ச்சு முகம் எடுக்கற சோலியே கெடையாது. நாலு சென்சார பிரிட்ஜாக் கட்டிட்டா வெயில்ல தடை ஏறி எறங்கறதும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். நம்மூர்ல இத்தன பி.எல்.டி.சி மோட்டாரு ஆகுது, பம்ப்பு கண்ட்ரோலரு ஆகுது, இந்த மாதிரிச் சிப்பு வேணும்ங்கற எடத்துக்கெல்லாம் வெளிய இருந்துதான் வருது.

கணபதி_கோட்டிங் | செவ்வாய், இரவு 9:34

அதுக்கும் அந்த மைனஸ் ஒம்பது வேக்குவம் வேணுமில்லீங்களா?

பீளமேடு_இயற்பியல் | செவ்வாய், இரவு 10:00

டனலிங்குக்கு வேணும், அத விட்டுருங்க. கெல்வின் பாத்தாரே, அந்த ரெண்டு சதவீதத்துல இருந்து தொடங்கலாம். அதுக்குத் தடுப்பும் வேண்டாம், கட்டுத்தறியும் வேண்டாம். ஒரே படலம், நிக்கல் 81, இரும்பு 19. இந்த விகிதத்துல காந்தமானாலும் படலம் நீளாது சுருங்காது, அதனால இழுவிசையால வர்ற பொய்ச் சிக்னல் இருக்காது. கோணம் அளக்கறதுக்கு இன்னைக்கும் இந்த வகை சென்சார் கடையில விக்குது. எங்க லேப்ல சின்ன ஸ்பட்டரிங் யூனிட் ஒண்ணு இருக்கு. உங்க ஆர்க் சேம்பர மட்டும் இதுக்குத் தொடாதீங்க. சுவரெல்லாம் டைட்டானியம் நைட்ரைடு செதிலும் நைட்ரஜனுமா இருக்கும்.

கணபதி_கோட்டிங் | செவ்வாய், இரவு 10:12

நீங்க வரச் சொன்னா சனிக்கெழம பொழுதோட வந்தர்றேன் மேடம். டார்கெட்டு நான் வாங்கியாறேன். கணக்கா எத்தன தடிமன் வாங்கோணும்?

குறிச்சி_சீல் | செவ்வாய், இரவு 10:20

கணபதித் தம்பி, போறப்ப என்னையும் ஏத்திக்குங்க. தகரத் தட்டு ஒண்ணு கடைசல் புடிச்சு வெக்கறேன்.

பீளமேடு_இயற்பியல் | புதன், காலை 6:05

ரெண்டு பேரும் வாங்க. டார்கெட் விசயத்துல ஒண்ணு பாத்துக்கணும். நிக்கல்-இரும்பே காந்தப் பொருள்ங்கறதால, மேக்னட்ரான்ல அடியில இருக்கற காந்தத்தோட புலத்தத் தனக்குள்ளயே இழுத்து வெச்சுக்கும். மேல புலம் வராட்டி பிளாஸ்மா பிடிக்காது. அதனால மெல்லிசா வாங்குங்க, 2 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். டைட்டானியத்துக்கு வாங்கற மாதிரி தடிமனா வாங்கிட்டு வந்துராதீங்க.

கண்ணாடித் துண்டு மேல 30 நானோமீட்டர் படிய வெப்போம். படியும்போதே பக்கத்துல ரெண்டு நிலைக்காந்தம் வெச்சா, படலத்துக்கு ஒரு தெசை பதிஞ்சிரும். அப்பறம் நாலு முனை வெச்சு மின்தடைய அளந்துக்கிட்டே காந்தத்தச் சுத்துவோம். மின்னோட்டத்துக்கு இணையாக் காந்தம் நிக்கும்போது தடை எச்சா இருக்கணும், குறுக்க நிக்கும்போது கம்மி. வித்தியாசம் ரெண்டு சதவீதத்த ஒட்டி வந்தா படலம் நல்லாருக்கு. அரை சதவீதத்துல நின்னுருச்சுன்னா ஆக்ஸிஜன் புகுந்திருக்கு, இல்ல படிகம் ரொம்பப் பொடியா இருக்கு. அப்ப கண்ணாடியக் கொஞ்சம் சூடு பண்ணி மறுபடி போடணும். அளக்கறதுக்கு மில்லிஓம் மீட்டர் எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு, உங்ககிட்ட இருந்தா எடுத்துட்டு வாங்க.